கிளிசரின் கழிவுக்கு வாங்கிய எரிவாயுக் கலன்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பயன்படுத்திய எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் சிறு கூடங்களில், ஒவ்வொரு 100 கிலோ டீசலுக்கும் ஏறத்தாழ 10 கிலோ கிளிசரின் அடியில் தங்கிவிடுகிறது. சோப்பும் மெத்தனாலும் காரமும் கலந்த அந்தப் பழுப்புக் குழம்பைச் சுத்திகரித்து விற்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதை எரிவாயுவாக மாற்றவே, கழிவை நுண்ணுயிர்கள் மூடிய தொட்டிக்குள் மட்கவைத்து வாயுவாக்கும், 6 கன மீட்டர் கொள்ளளவுள்ள இந்த ஆயத்தக் கலனை வாங்கினேன்.

கட்டுமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; ஓராண்டில் ஓரிடத்திலும் வாயு கசியவில்லை. குறையெல்லாம் கையேட்டில்தான். ‘மட்கும் கழிவு எதையும் இடலாம்’ என்ற ஒற்றை வரியை நம்பி, சாணக் கரைசலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கலனில் நாளொன்றுக்கு 20 லிட்டர் கிளிசரினை ஊற்றினேன். முதல் இரண்டு நாள் வாயு பொங்கி வந்தது. நான்காம் நாள் அடுப்பின் நீலச் சுடர் பர்னரை விட்டு எழும்பித் துடித்து அணைந்தது, வெளியேறிய கரைசலில் மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் 6-க்கும் கீழே காட்டியது (7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடுகிறது என்று பொருள்). கிளிசரின் மிக விரைவாக அமிலமாக மாறுகிறது, ஆனால் அந்த அமிலத்தை எரியும் வாயுவான மீத்தேனாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகுகின்றன என்பதையும், கிளிசரினில் நைட்ரஜன் அறவே இல்லாததால் சாணம் போன்ற துணைத்தீனி கட்டாயம் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். தீனியை நிறுத்தி, சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வேறொரு கலனிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றிய பிறகும், அது மீண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது மெத்தனாலை முதலில் வடித்தெடுத்துவிட்டு, 150 லிட்டர் சாணக் கரைசலுக்கு 1 லிட்டரில் தொடங்கி, வாரவாரம் கூட்டி, 3 லிட்டரில் நிறுத்தியிருக்கிறேன். சாணம் மட்டும் இட்ட காலத்தைவிட அடுப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் எரிகிறது. வாயுவோடு வரும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சும் இரும்புத்தூள் பெட்டியும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

காரமாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு பயோடீசல் தயாரிப்பவர்களுக்கு இக்கலனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; வெளிவரும் கரைசலில் தங்கும் பொட்டாசியம் பயிருக்கும் உரமாகும். சோடியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்துவோர் மட்டும் யோசித்து வாங்க வேண்டும், ஏனெனில் மிகுதியான சோடியம் நுண்ணுயிர்களையும் முடக்கும், மண்ணையும் கெடுக்கும். கிளிசரினுக்கென்று ஒரு தீனி அட்டவணையைக் கையேட்டில் சேர்க்கும்படி விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.