5800எக்ஸ்-க்கு ஒன்றேகால் கிலோ கூலர் தேவையா?

ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது, ஓவர்க்ளாக் பண்ணலாம் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்) என்றிருக்கிறேன், நீங்கள் வைத்திருக்கும் கூலரையே வாங்கிவிடட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே ப்ராசஸர், அதே கேள்வி இன்னும் நிறையப் பேருக்கு இருக்கும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது இரட்டை டவர் ஏர் கூலர், அதாவது ப்ராசஸரின் சூட்டை இரண்டு தகடு அடுக்குகளுக்கு ஏற்றி ஃபேன் காற்றால் வெளியேற்றுவது. சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் 6, 140 மி.மீ. ஃபேன் இரண்டு, எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். பிராண்டைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் திட்டப்போகும் விஷயம் இந்த சைஸில் வரும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2014-ல் நாக்டுவா என்எச்-டி15 வந்ததிலிருந்து அந்த வடிவம்தான் இந்த வகைக்கே அளவுகோல்: 165 மி.மீ. உயரம், முன் ஃபேனுக்கு அடியில் ராமுக்கு 32 மி.மீ. இடம்.

முதலில் நல்லது. சத்தமே இல்லை. முழு லோடில் ஓடும்போதுகூட கேபினெட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் காற்று போவது தெரியும். தண்ணீர், பம்ப், ட்யூப் எதுவும் கிடையாது, கெட்டுப்போனால் ஃபேன் மட்டும்தான் கெடும், அதையும் கடையில் வேறு 140 மி.மீ. வாங்கி மாட்டிக்கொள்ளலாம். தூசி படிந்தால் ப்ளோயரால் ஊதினால் போதும். பொருளாகப் பார்த்தால் அருமையான பொருள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இனி எரிச்சல். 16 ஜிபி ராமை 32 ஆக்க நினைத்தேன். ராம் ஸ்லாட்டின் மேல் முன் ஃபேன் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கழற்ற வேண்டும். ஃபேனைப் பிடித்திருப்பது இரண்டு கம்பிக் கிளிப். மேல் கிளிப்புக்கும் கேபினெட் கூரைக்கும் நடுவே ஒரு விரல் போகும், அவ்வளவுதான். கீழ்க் கிளிப் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகை ஒட்டி நிற்கிறது, அதனால் கார்டையும் எடுக்கணும். கார்டை எடுக்க ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் லாட்ச்சை அழுத்தணும், அந்த லாட்ச்சோ கூலருக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில். பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ளே விட்டுத் தடவித் தடவித்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. திரும்ப மாட்டும்போது கம்பியை இழுத்துத் தகடுகளின் ஓரப் பள்ளத்தில் விழ வைக்க வேண்டும், நழுவினால் தகடு விரலைக் கீறும். ஒவ்வொரு முறையும் இதே கதை. விளக்கு எரிகிற உயரமான ராம் வாங்கினால் இன்னும் மோசம், ராம் ஏறுகிற அளவுக்கு ஃபேனும் மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டுக் கண்ணாடி மூடாது.

இதையெல்லாம் வெப்பத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் 5800எக்ஸ்-ல் அந்த லாபமும் பெரிதாக இல்லை. இது முக்கியம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 8 கோரும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டு ஒன்றுக்குள் இருக்கின்றன, அதுவும் ப்ராசஸரின் உலோக மூடிக்கு அடியில் நடுவில் இல்லை, ஓரமாக. 142 வாட் வரைக்கும் போகிற மின்சாரத்தில் பெரும்பங்கு அந்தத் துண்டில்தான் வெப்பமாகிறது. கல்யாண மண்டபத்துக்கு ஒரே ஒரு சின்ன வாசல் இருந்தால் வெளியே எவ்வளவு பெரிய மைதானம் இருந்து என்ன? கூட்டம் வாசலில்தான் நெரியும். எனக்கு ப்ராசஸரை முழுதாக ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் சாஃப்ட்வேரில் 87, 88 டிகிரி வரும், இதன் வரம்பே 90. இதே கூலரைத் தம்பியின் 5900எக்ஸ்-ல் மாட்டிப் பார்த்தோம். அதற்கும் அதே 142 வாட் வரம்புதான், ஆனால் 12 கோர் இரண்டு துண்டுகளாகப் பிரிந்திருப்பதால் எழுபதுகளிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்று, இணையத்தில் பார்க்கும் சோதனை எண்கள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய அறையில் எடுத்தவை. மே மாத மத்தியானம் ஏசி இல்லாத நம் அறை 35-ஐத் தொடும். கூடுதல் டிகிரி கிட்டத்தட்ட அப்படியே ப்ராசஸர் தலையில் ஏறும், எந்த ஏர் கூலராலும், பம்ப் வைத்துத் தண்ணீரால் குளிர்விக்கும் ஏஐஓவாலும் அறையைவிடக் கீழே இறக்க முடியாது.

எனக்கு உண்மையில் வேலை செய்தது பயாஸ், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ். பிபிடி என்கிற மின்சார வரம்பை 142 வாட்டிலிருந்து 120-க்கு இறக்கினேன், கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 20 கொடுத்தேன். கிளாக் குறையவில்லை, ஸ்கோர் துளி ஏறியது, வெப்பம் 78-க்கு வந்துவிட்டது. செலவு பூஜ்யம். ஒரு எச்சரிக்கை: மைனஸ் அதிகமானால் லோடில் தெரியாது. சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதிக வேகம் எட்டும் நல்ல கோர் இரண்டுக்கு மட்டும் மைனஸ் 10-ல் நிறுத்தினேன், அதோடு சரியானது.

ஆகவே நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று கேட்டால், அந்தக் கீழ்க் கிளிப்போடு மல்லுக்கட்டிய சூட்டோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் பதில் அதுதான். சீலிங் ஃபேன் ஓடாத மார்கழி ராத்திரியில்தான் இந்த நிசப்தத்தின் அருமை தெரியும், மற்ற மாதங்களில் அதற்குக் கொடுத்த காசு சீலிங் ஃபேன் சத்தத்தில் போய்விடுகிறது. 5800எக்ஸ்-க்குத் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி 155 மி.மீ. உயரமும் 120 மி.மீ. ஃபேனும் உள்ளதே தாராளம், விலையும் பாதிக்குக் கீழே. 253 வாட் போகும் இன்டெல் கோர் ஐ9 13900கே மாதிரி ஏதாவது வாங்கினால் 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள ஏஐஓ பற்றிப் பேசலாம். மிச்சமாகும் காசில், கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் அதை மாற்றி காற்று புகும் வலை (மெஷ்) முகப்பு உள்ளதாக வாங்குங்கள், அதுவும் வெயில் காலத்துக்கு முன்னாடியே.