‘துபாய் வீடியோ கால் செட்டிங்’ என்று போர்டு பார்த்தால் உள்ளே போகாதீர்கள்

வளைகுடாவில் பிள்ளை வேலை பார்க்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அம்மா ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், கால் மட்டும் போகாது. தடை. எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. “கூப்புட்டா எடுக்க மாட்டேங்கறானே சாமி, ஒடம்புக்கு ஏதாச்சுமா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் திருப்பூர் வந்தவர், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் ‘துபாய் வீடியோ கால் செட்டிங் செய்து தரப்படும்’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். “அது ஒண்ணுமில்லீங்கம்மா, விபிஎன் போட்டுட்டா தெனமும் மூஞ்சியப் பாத்துப் பேசலாமுங்க, வருசத்துக்கு 499 தானுங்க” என்று கடைக்காரப் பையன் சொல்லியிருக்கிறான். போனை வாங்கி எதையோ ஏற்றி, யூபிஐ பின் நம்பரை மட்டும் அம்மாவை அழுத்தச் சொன்னான். செட்டிங் கூலி என்று 600 ரூபாய் ரொக்கம். அதே ஆப்பைத் தம்பிக்கும் அனுப்பிவைத்தான்.

விபிஎன் என்பது நம் நெட்டை வேறொரு இடத்துச் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஏற்பாடு. அம்மா போனில் அதைப் போட வேண்டிய தேவையே இல்லை. தடை அந்த நாட்டு நெட்டில் இருக்கிறது, நம் ஊர் நெட்டில் இல்லை. இங்கே எத்தனை விபிஎன் போட்டாலும் அங்கே இருக்கும் பூட்டு திறக்காது. இது தெரியாமல் ஒருவன் கடை வைத்திருக்க முடியாது.

பேச்சு எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். தம்பி வேலை முடிந்து ரூமுக்கு வர அங்கே 7 மணி, நமக்கு 8:30. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, வீடியோ கால் என்றாலும் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். “அம்... சாப்... யா...” என்று வரும். அப்புறம் சத்தமே இருக்காது. திடீரென்று நாலு வாக்கியம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அம்மா “ஆங்? ஆங்?” என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் ஒன்றும் புரியாமலே “செரி கண்ணு, வெக்கறேன்” என்பார்.

காரணத்தை எங்கள் கம்பெனி ஐடி தம்பிதான் விளக்கினார். நெட்டில் குரல் பெரும்பாலும் ஒரு நொடிக்கு 50 துண்டாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒரு துண்டு தொலைந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் பேச்சுக்குச் சரி. அதனால் கால்கள் யூடிபி முறையில் ஓடும். அந்த ஆப் எல்லாவற்றையும் டிசிபி என்ற வேறு முறை வழியாகத் தள்ளியது. டிசிபி தொலைந்த துண்டு திரும்ப வரும்வரை பின்னால் வருவதையெல்லாம் நிறுத்திவைக்கும், வந்ததும் மொத்தமாக அவிழ்த்துவிடும். போதாததற்கு சர்வர் நெதர்லாந்தில். ஊத்துக்குளிக் குரல் ஐரோப்பா போய்த்தான் ஷார்ஜா போகிறது. ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது கணக்கு. நமக்கு அது எங்கே கிடைக்கும்?

(விபிஎன்னே கெட்டது என்று சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள், துணி வாங்கும் பையரின் சர்வருக்குள் போவதே அதில்தான்.)

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது வேறு. தம்பியின் ரூமில் ஒரு மலையாளி அண்ணன், “இதைப் போட்டு மாட்டிக்காதே” என்று சொல்லியிருக்கிறார். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சைபர் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை (நெட்டில் நம் போனைக் காட்டும் எண், விபிஎன் மாற்றிக் காட்டுவது இதைத்தான்) மாற்றினால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். அலுவலக வேலைக்கு விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் தடுத்த காலைப் பேசுவதற்கு என்று போட்டுக்கொண்டு, யாராவது கேட்டால் என் தம்பி என்ன பதில் சொல்வான்? கடன் வாங்கிப் போனவன். கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம்தான் அம்மாவின் பாஸ்புக்கைப் பதியக் கொண்டுபோனேன். மாதாமாதம் 499, நாலு முறை போயிருந்தது. அன்றைக்கு அம்மா பின் போட்டது ஒரு தடவைப் பணத்துக்கு அல்ல, மாதாமாதம் தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதிக்கு. ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்கு முந்தின நாள் மெசேஜ் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். அம்மா அதைக் கம்பெனி விளம்பரம் என்று விட்டுவிட்டார். பின் போட்டு ஒப்புக்கொண்டதால் பணம் திரும்புவது கஷ்டம் என்றார்கள் பேங்கில். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, “ஆப் காரன் புடிக்கறதுக்கு நாங்க என்னங்க பண்றது?” என்றான்.

அந்த ஆப் பிளே ஸ்டோரிலேயே கிடையாது. மெசேஜ் படிக்கும் அனுமதியும் வாங்கியிருந்தது. கால் பேசுகிற ஆப்புக்கு ஓடிபி வரும் இன்பாக்ஸ் எதற்கு? நான் போனை மொத்தமாக ரீசெட் செய்து, பேங்க் பின்னையும் மாற்றினேன்.

உங்கள் அம்மா, ஆத்தா, அம்மிச்சி போனை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். மேலே சின்னச் சாவிப் படம் தெரிந்தால் விபிஎன் ஓடுகிறது. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, தெரியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தால் மட்டும் ஆட்டோபே நிற்காது.

பேசுவதற்கு வழி இல்லாமல் இல்லை. பாட்டிம், ஜூம், டீம்ஸ் என்ற கால் பேசும் ஆப்கள் எல்லாம் அங்கே அனுமதித்த பட்டியலில் இருப்பவை. நாங்கள் இப்போது பாட்டிமில் பேசுகிறோம். நேற்று 8:30-க்கு அம்மா, செவலை மாடு கன்னு போட்டதை முழுசாக அவனிடம் சொல்லி முடித்தார்.

அந்தக் கடை போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் போகும்போது இரண்டு அம்மாக்கள் கையில் போனோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். நான் போய்ச் சொன்னேன். ஒருவர் வெளியே வந்துவிட்டார்.