ஏதென்ஸா ஸ்பார்ட்டாவா: இழந்த ஆளுக்கு மாற்று எங்கே?

எங்கள் வாசகர் வட்டத்தில் பண்டைய கிரேக்கத்தைப் பற்றிச் சில வாரங்கள் பேச முடிவானபோது, எல்லா ஊரையும் தொட்டுப் போவதைவிட ஒரே ஒரு நகர அரசை எடுத்து ஆழமாகப் பார்க்கலாம் என்றார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஏதென்ஸை எடுத்தேன். பலருக்கு ஸ்பார்ட்டாமேல்தான் ஆசை. அவர்களுக்குச் சொன்ன காரணங்களையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஆண்டுகள் எல்லாம் கி.மு.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஏதென்ஸில் மக்களாட்சி, கடற்படை, நாடகம், தத்துவம். ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள், அவர்களையும் சேர்த்து முப்பது பேர் கொண்ட மூத்தோர் அவை, ஆண்டுதோறும் மாறும் ஐந்து எஃபோர்கள் என்ற மேலதிகாரிகள், ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து பிரித்துத் தொடங்கும் பயிற்சி. நிலத்தில் நேருக்கு நேர் நின்றால் ஸ்பார்ட்டாவின் காலாட்படையை வெல்ல நீண்ட காலம் யாராலும் முடியவில்லை. 480இல் தெர்மோபைலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸும் முந்நூறு பேரும் நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களோடு கடைசிவரை நின்ற தெஸ்பியாய் ஊர்க்காரர்கள் எழுநூறு பேரை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

வீரம், பயிற்சி, கட்டுப்பாடு என்று பார்த்தால் ஸ்பார்ட்டாவே மேல். இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு போர் அமைப்பை எடைபோட நான் கேட்கும் கேள்வி வேறு. ஒரு பெரிய தோல்வியில் ஆட்களை இழந்த பிறகு, அந்த இடத்தை அந்த ஊர் எதைக் கொண்டு நிரப்புகிறது? அரசியலும் சமூகமும் போரும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஸ்பார்ட்டாவில் முழுக் குடிமகனாக இருக்க வேண்டுமென்றால் ஒரு பொது மெஸ்ஸில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். ஒரு மெஸ்ஸில் ஏறக்குறைய பதினைந்து பேர். புதியவனைச் சேர்க்கலாமா என்று வாக்கெடுக்கும்போது, பரிமாறுபவன் தலையில் சுமந்து வரும் பாத்திரத்தில் ஒவ்வொருவரும் ஒரு ரொட்டித் துண்டைப் போடுவார்கள். ஒரே ஒரு துண்டு நசுக்கித் தட்டையாகக் கிடந்தாலும் அவனுக்கு இடமில்லை. சேர்ந்த பிறகு மாதாமாதம் தன் நிலத்திலிருந்து வாற்கோதுமை மாவு, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம், கறிக்கும் மீனுக்கும் கொஞ்சம் காசு என்று கொடுத்துவர வேண்டும். கொடுக்க முடியாதவன் மெஸ்ஸிலிருந்து நிற்கிறான், அதோடு குடியுரிமையும் போகிறது. இது மோசமான ஏற்பாடு என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார்.

இதில் என்ன நடந்தது என்றால், நிலம் வாரிசுரிமையிலும் சீதனத்திலும் சில குடும்பங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவர்களால் மெஸ் பங்கைக் கட்ட முடியவில்லை. ஒருவன் போரில் சாகத் தேவையில்லை. ஏழையானாலே படையின் கணக்கிலிருந்து விழுந்துவிடுவான். விழுந்தவன் மீண்டும் ஏறுவதற்கு வழக்கமான வழி எதுவும் இல்லை. 480 வாக்கில் எண்ணாயிரம் ஸ்பார்ட்டர்கள், அதாவது முழுக் குடிமக்கள், இருந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். நூறு ஆண்டுக்குச் சற்றுப் பின் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது என்கிறார் அரிஸ்டாட்டில். முப்பதாயிரம் காலாட்களைத் தாங்கக்கூடிய நிலம் அது என்பதையும் அவரே சேர்த்துச் சொல்கிறார்.

399 வாக்கில் கினாடோன் என்ற இளைஞன் செய்த சதியைப் பற்றி, அதே காலத்து ஏதெனிய எழுத்தாளர் செனஃபோன் எழுதியது, ஸ்பார்ட்டாவைப் பற்றி நான் படித்ததிலேயே மறக்க முடியாத பகுதி. கினாடோன் திடகாத்திரமானவன், துணிச்சல்காரன், ஆனால் முழுக் குடிமகன் இல்லை. அவன் ஒருவனைச் சந்தைவெளியின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், இங்கே எத்தனை ஸ்பார்ட்டர்கள் இருக்கிறார்கள், எண்ணிப்பார் என்கிறான். அரசர், எஃபோர்கள், மூத்தோர், அவர்கள் போக இன்னும் ஏறக்குறைய நாற்பது பேர்தான் தேறுகிறார்கள். இவர்களை எதிரிகள் என்று வைத்துக்கொள், மீதி இருக்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் ஆட்கள் என்கிறான் கினாடோன். பிடிபட்ட பிறகு ஏன் இதைச் செய்தாய் என்று கேட்டதற்கு, இந்த ஊரில் யாருக்கும் கீழாக இருக்கக் கூடாது என்பதற்காக என்று பதில் சொன்னான். கழுத்தையும் கையையும் பூட்டி, சாட்டையால் அடித்துக்கொண்டே ஊர் முழுக்க இழுத்துப் போனார்கள்.

ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொரு உயிரின் இழப்பும் அரசுக்கே பெரிதாகிறது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் 431 முதல் 404 வரை மோதிய நீண்ட போரின் நடுவே, 425இல் ஸ்ஃபாக்டீரியா தீவில் ஏதென்ஸ் உயிரோடு பிடித்த 292 பேரில் ஸ்பார்ட்டர்கள் ஏறக்குறைய 120. அந்த 120 பேருக்காக ஸ்பார்ட்டா மறுபடி மறுபடி சமாதானத் தூது அனுப்பியது. படை எடுத்து வந்தால் கைதிகளைக் கொன்றுவிடுவோம் என்று ஏதென்ஸ் சொன்னதும், ஏதென்ஸைச் சுற்றியுள்ள அத்திக்கா நிலப்பகுதிக்குள் அடிக்கடி நடந்துவந்த படையெடுப்பு நின்றுபோனது.

371இல் லியூக்ட்ராவில், தீப்ஸ் என்ற இன்னொரு நகர அரசின் தளபதி எபமினோண்டாஸ் அடித்த அடியில் களத்தில் இருந்த எழுநூறு ஸ்பார்ட்டர்களில் நானூறு பேர் செத்தார்கள், அரசர் கிளியோம்ப்ரோட்டஸும் செத்தார். செய்தி வந்தபோது ஊரில் திருவிழாவின் கடைசி நாள், ஆண்கள் குழுவாக ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எஃபோர்கள் அதை நிறுத்தவில்லை. இறந்தவர்களின் பெயரை வீட்டாருக்குச் சொல்லி அனுப்பினார்கள், பெண்கள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்றார்கள். மறுநாள் மகனை இழந்தவர்கள் முகம் மலர்ந்து தெருவில் நடந்தார்கள். மகன் உயிரோடு திரும்புவான் என்று தெரிந்தவர்கள் தலைகுனிந்து போனார்கள். களத்திலிருந்து பின்வாங்கியவனுக்கு ஸ்பார்ட்டாவில் கடும் அவமதிப்பு உண்டு, அது சட்டம். இந்த முறை தப்பி வந்தவர்கள் அதிகம், அவர்களையும் ஒதுக்கினால் படைக்கு ஆளே இல்லை. இன்று ஒரு நாள் சட்டம் தூங்கட்டும் என்றார் அரசர் அகெசிலாஸ். அடுத்த சில ஆண்டுகளில், ஸ்பார்ட்டா அடக்கி வைத்திருந்த மெசீனியா என்ற பகுதி கையைவிட்டுப் போனது. ஸ்பார்ட்டாவுக்குச் சோறு போட்ட நிலமும் அதில் உழைத்த ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடியானவர்களும் அங்கேதான் பெருமளவு இருந்தார்கள். ஒரு நாள் போர், நானூறு பேர், அதற்கப்புறம் ஸ்பார்ட்டா பழைய நிலைக்கு வரவே இல்லை.

சரி, ஏதென்ஸுக்கு வருவோம். 483இல் ஏதென்ஸின் லவ்ரியோன் சுரங்கத்தில் வெள்ளி நிறையக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா (வெள்ளி நாணயம்) பங்கு போடலாம் என்ற பேச்சு இருந்தபோது, போர்க்கப்பல் கட்டலாம் என்று அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் மக்களைச் சம்மதிக்க வைத்தார். மூன்று ஆண்டில் அந்தக் கப்பல்கள்தான் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்தன.

கப்பலைப் பராமரிப்பது லேசான காரியம் இல்லை. ட்ரைரீம் என்ற அந்தக் கப்பலில் மூன்று அடுக்காக உட்கார்ந்து துடுப்பு வலிக்க 170 பேர், மாலுமிகளையும் வீரர்களையும் சேர்த்தால் 200 பேர். நாளுக்கு ஒரு டிராக்மா கூலி என்றால் மாதம் ஆறாயிரம் டிராக்மா, அதாவது ஒரு டாலண்ட் வெள்ளி, ஒரே கப்பலுக்கு. பலகை நீரில் ஊறினால் கனத்துப் போகும், கப்பல்புழு துளைக்கும். அதனால் பிரேயஸ் துறைமுகத்தில் வரிசையாகக் கொட்டகைகள் கட்டிக் கப்பல்களைக் கரையேற்றி உலர வைத்தார்கள். மரத்துக்கு மாசிடோனியாவை நம்ப வேண்டியிருந்தது. பின்னாளில் சிசிலித் தீவின்மேல் படையெடுத்துப் போன ஏதென்ஸ் தளபதி நிகியாஸ் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், கப்பல்களைக் கரையேற்றி உலர்த்த வழியில்லாமல் அவை ஊறிக் கெட்டுப்போகின்றன, ஆட்களும் தேய்ந்துவிட்டார்கள் என்று புலம்புகிறார்.

இவ்வளவு செலவு பிடிக்கும் படையை ஏன் மேல் என்கிறேன்? அதை ஓட்டியவர்களைப் பார்த்துத்தான். கவசமும் கேடயமும் வாங்க வசதியுள்ளவனே காலாட்படையில் நிற்க முடியும். துடுப்பு வலிக்க உடம்பும் பழக்கமும் போதும். ஆளுக்கு ஒரு துடுப்பு, உட்கார ஒரு திண்டு, துடுப்பைக் கட்ட ஒரு தோல்வார், அவ்வளவுதான் உடைமை. நிலமே இல்லாத ஏழைக் குடிமகன் இதனால் ஊரின் பாதுகாப்புக்கு அவசியமானவன் ஆனான். கப்பலை ஓட்டுகிறவனுக்குப் பேரவையில் குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாமல் போனது. செலவில் ஒரு பெரும்பங்கு பணக்காரர் தலையில் விழுந்தது: ஒரு கப்பலை ஓர் ஆண்டு தன் பொறுப்பில் வைத்து ஓட்ட வேண்டும், துடுப்போ ஏணியோ திரும்ப வராவிட்டால் யார் எவ்வளவு பாக்கி என்று பெயர் போட்டுக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். ஸ்பார்ட்டாவில் ஏழையானவன் படையிலிருந்து வெளியே போனான். ஏதென்ஸில் ஏழையைப் படை உள்ளே இழுத்தது. என் தேர்வுக்குக் காரணம் இது ஒன்றே.

அது எவ்வளவு தாங்கியது என்று பாருங்கள். 430இல் தொடங்கிய கொள்ளைநோயில் ஊரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மக்கள் போயிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. 413இல் சிசிலிக்கு அனுப்பிய படை அடியோடு அழிந்தது. அதன் பிறகும் ஸ்பார்ட்டாவோடு ஒன்பது ஆண்டு சண்டை போட்டார்கள். ஆபத்துக்கென்று ஒதுக்கிவைத்திருந்த ஆயிரம் டாலண்டை எடுத்துப் புதுக் கப்பல்கள் கட்டி, 410இல் சைசிகஸ் கடற்போரில் ஜெயித்தார்கள். 411இல் நானூறு பேர் கும்பல் ஒன்று ஊரில் மக்களாட்சியைக் கலைத்தபோது, சேமோஸ் தீவில் நின்ற கப்பற்படை அதை ஏற்கவில்லை. மாலுமிகளும் வீரர்களும் அங்கேயே கூட்டம் போட்டுத் தங்கள் தளபதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். 406இல் முப்பதே நாளில் 110 கப்பல்களைத் தயார் செய்து, அடிமைகளையும் துடுப்பில் உட்காரவைத்து, அப்படி வந்தவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் கொடுத்தார்கள். ஸ்பார்ட்டாவும் ஹெலட்டுகளைப் போருக்கு அழைத்து விடுதலை கொடுத்ததுண்டு, ஆனால் அவர்களை முழுக் குடிமக்களாக ஆக்கவில்லை.

கடைசியில் ஜெயித்தது ஸ்பார்ட்டாதானே என்று கேட்பீர்கள். ஆமாம், 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது, பன்னிரண்டு கப்பல்களை மட்டும் விட்டுவைத்தார்கள், மதில்களைக் குழல் ஊதிக்கொண்டே இடித்தார்கள். ஆனால் அந்த வெற்றி ஸ்பார்ட்டாவின் காலாட்படையால் வந்ததில்லை. பாரசீக இளவரசர் சைரஸ் கொடுத்த பணத்தில் ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டர் துடுப்பு வலிப்பவர்களின் நாள் கூலியை மூன்று ஓபோலிலிருந்து (ஆறு ஓபோல் ஒரு டிராக்மா) நான்காக உயர்த்தி ஆட்களைச் சேர்த்தார். ஏதென்ஸின் முறையைக் கடன் வாங்கித்தான் ஏதென்ஸைத் தோற்கடிக்க முடிந்தது. பின்னாளில் ஏதென்ஸும் பாரசீகப் பணத்தில் மதிலைத் திரும்பக் கட்டியது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தோல்விக்குப் பின் ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு ஏதென்ஸை ஆண்ட முப்பது கொடுங்கோலர்களை விரட்டி மக்களாட்சியை 403இல் மீட்டது பெரும்பாலும் சொந்த பலத்தில்தான். அந்த எதிர்ப்பைத் தொடங்கிய ஏதெனியத் தளபதி திராசிபூலஸ் ஃபைலேக் கோட்டையைப் பிடித்தபோது கூட இருந்தவர்கள் எழுபது பேர். 357 வாக்கில் ஏதென்ஸின் கடற்படைக் கணக்கில் 283 ட்ரைரீம்கள் நிற்கின்றன.

ஏதென்ஸை எடுத்ததால் அதன் குற்றங்களை மறைக்க எனக்கு விருப்பமில்லை. லவ்ரியோனில் அந்த வெள்ளியை வெட்டியவர்கள் அடிமைகள். கப்பற்படைக்கான பணத்தில் பெரும்பகுதி கூட்டாளி ஊர்களிடம் வாங்கிய கப்பம். 416இல் மீலோஸ் தீவு பணிய மறுத்ததால் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்றார்கள். 427இல், கலகம் செய்த கூட்டாளி ஊர் மிட்டிலீனிக்கும் அதே தண்டனை விதித்து, அதைச் சொல்ல ஒரு கப்பலை அனுப்பி, மறுநாள் மனம் மாறி, அதைத் தடுக்க இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். துடுப்பை விடாமல், மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்றுகொண்டே வலித்து, கொலை தொடங்கும் தறுவாயில் போய்ச் சேர்ந்தார்கள். 406இல் ஜெயித்து வந்த தளபதிகள் ஆறு பேரை, கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று ஒரே வாக்கெடுப்பில் கொன்றதும் இதே பேரவைதான். 451இல் அரசியல் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய் தந்தை இருவரும் ஏதெனியராக இருந்தால்தான் குடியுரிமை. கதவு அங்கேயும் குறுகல்தான்.

பெண்கள் விஷயத்தில் ஸ்பார்ட்டா முன்னால் நிற்கிறது. அங்கே பெண்கள் உடற்பயிற்சி செய்தார்கள், நிலம் வைத்திருந்தார்கள். நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு நிலம் அவர்களிடம் என்று அரிஸ்டாட்டில் குறைபடுகிறார். ஏதென்ஸில் குடும்பப் பெண்ணுக்கு அப்படி எந்தச் சுதந்திரமும் இல்லை. இன்னொன்று, ஸ்பார்ட்டாவைப் பற்றி நம்மிடம் இருப்பதில் பெரும்பாலானதை எழுதியது வெளியூர்க்காரர்கள். மெஸ் கதைகளைச் சொல்லும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அந்த ஸ்பார்ட்டாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். ஆகவே ரொட்டித் துண்டு போன்ற விவரங்களை அந்த அளவுக்கே நம்புகிறேன். ஆள் குறைந்ததை மட்டும் ஹெரோடோட்டஸ், செனஃபோன், அரிஸ்டாட்டில் என்று தனித்தனியாகப் பலர் காட்டுவதால், என் வாதத்தை அதன்மேல் தைரியமாக வைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பார்ட்டாவையே எடுப்பேன் என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். தெர்மோபைலேயில் தொடங்காமல், ஸ்பார்ட்டர்களை எண்ணிய அந்தச் சந்தைவெளியில் தொடங்கி, லியூக்ட்ரா வழியாக 241இல் கொல்லப்பட்ட நாலாம் ஏகிஸ் அரசர் வரை போங்கள். கடனை ரத்து செய்து நிலத்தைத் திரும்பப் பங்கிட்டு, புது ஆட்களைக் குடிமக்களாகச் சேர்க்க முயன்றவர் அவர். அப்போது மிச்சமிருந்த ஸ்பார்ட்டர்கள் எழுநூறு பேர், அதில் நிலம் வைத்திருந்தவர்கள் நூறு பேர்தான். அவரைக் கொன்றது எதிரி நாடு அல்ல, எஃபோர்களே.