மூச்சுக்குழல் கழுவலா, நுரையீரல் கழுவலா? ஓடும் குதிரையில் ஒளிந்திருக்கும் நோயைப் பிடிப்பது எது

குதிரை தீனியை மிச்சம் வைப்பதில்லை, காய்ச்சல் இல்லை, ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 12. ஆனாலும் கடைசி 200 மீட்டரில் குதிரை தளர்கிறது, ஓடி முடித்தபின் மூச்சு தணிய முன்பைவிட நேரமாகிறது. லேசான ஆஸ்துமா இப்படித்தான் ஒளிந்திருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. மூக்கில் பிளாஸ்டிக் பையைப் பிடித்து ஆழமாக மூச்சிழுக்க வைத்தால் சில குதிரைகள் இருமிக் காட்டிக்கொடுக்கும். இருமாததெல்லாம் நலமென்று எடுத்துக்கொள்ள முடியாது.

ரத்தப் பரிசோதனைதான் மலிவு. ஆனால் இந்த ஆஸ்துமாவில் வெள்ளையணுவும் எஸ்.ஏ.ஏ. (அழற்சியில் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) அளவும் இயல்பாகவே இருக்கும். எஸ்.ஏ.ஏ. ஏறியிருந்தால் தொற்றைத் தேடலாம், அவ்வளவுதான்.

எண்டோஸ்கோப்பை (மூக்கு வழியே விடும் கேமராக் குழாய்) வேகமாக ஓடி முடிந்து 30 முதல் 90 நிமிடத்துக்குள் விடவேண்டும். நுரையீரலில் ரத்தம் கசிந்திருந்தால், அது அப்போதுதான் மூச்சுக்குழலுக்கு வந்திருக்கும். சளியை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். பந்தயக் குதிரையில் 2, சவாரிக் குதிரையில் 3 வந்தாலே கவனிக்கணும். சளி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. தலையைத் தாழ்த்தித் தரையில் தின்ற குதிரைக்குச் சளி வடிந்து குழல் சுத்தமாகவும் தெரியும்.

உண்மையான போட்டி இரண்டு கழுவல்களுக்குள்தான். இரண்டும் சலைன் (உப்புநீர்) விட்டு உறிஞ்சிச் செல் மாதிரி எடுக்கும் முறைகள். மூச்சுக்குழல் கழுவல் சுலபம்: எண்டோஸ்கோப் வழியாக மெல்லிய குழாய், 20 மி.லி. சலைன், தேங்கியதைத் திரும்ப உறிஞ்சினால் முடிந்தது. பாக்டீரியா வளர்த்துப் பார்க்க இதுவே சரி, தொண்டை அழுக்கு ஒட்டாதபடி உறையிட்ட குழாயாக இருந்தால். ஸ்லைடில் தட்டையான செதில் செல்கள் நிறையத் தெரிந்தால் தொண்டை அழுக்கு கலந்துவிட்டது. அந்த வளர்ப்பு முடிவை நம்பி ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கு இது நம்பகமற்றது. நலமான குதிரையிலேயே நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளையணு) 20% வரை இருக்கும், நுரையீரல் ஆழத்தின் கணக்கோடு ஒத்தும் போகாது.

நுரையீரல் கழுவலுக்கு மயக்க ஊசியும் சுமார் 3 மீட்டர் குழாயும் வேண்டும். குழல் பிரியும் இடத்தில் கடுமையாக இருமும், அங்கே மரத்துப்போகச் செய்யும் 0.4% லிக்னோகெய்ன் 60 மி.லி. அளவு தெளித்து, குழாய் சிக்கி நிற்கும்வரை தள்ளி, பலூனில் 5–10 மி.லி. காற்று ஏற்றி, வெதுவெதுப்பான சலைன் 250 மி.லி. விட்டு உறிஞ்சுகிறார்கள். பாதியாவது திரும்பணும், மேலே நுரை நிற்கணும். நுரை இல்லையென்றால் குழாய் ஆழம் போகவில்லை. வேகமாக உறிஞ்சினால் மெல்லிய சிறுகுழல்கள் அமுங்கி, நீர் வருவது நின்றுவிடும்.

கழுவிய நீரிலுள்ள செல்களில் நியூட்ரோஃபில் 10%, மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் ஈடுபடும் செல்) 5%, இயோசினோஃபில் (இன்னொரு வகை வெள்ளையணு) 5% — இவற்றில் ஒன்று தாண்டினாலும் ஆஸ்துமா. அவசரச் சாயத்தில் மாஸ்ட் செல் மறைந்துவிடும். டொலுடின் புளூ சாயம் கேளுங்கள். குறை என்னவென்றால், இது ஒரு மூலையைத்தான் கழுவும். வேறிடத்துச் சீழ்க்கட்டி தப்பிவிடும்.

காய்ச்சலும் எஸ்.ஏ.ஏ. ஏற்றமும் இல்லாத குதிரைக்கு என் ஓட்டு நுரையீரல் கழுவலுக்கே. இரண்டும் ஒரே நாளில் என்றால் மூச்சுக்குழல் முதலில். மயக்க ஊசியும் லிக்னோகெய்னும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கும், ஆகவே பந்தயத்துக்கு முன் வேண்டாம். மாதிரி எடுக்கும்வரை உலர்புல்லை நனைக்க ஆரம்பிக்காதீர்கள்: தூசி குறைந்த சில வாரத்தில் செல் கணக்கு இறங்கி, நோயுள்ள குதிரைக்கே சுத்தமான ரிப்போர்ட் வரும்.