4 கட்டைக்கு ஒரு பி ஃப்ளாட் டின் விசில்: மூன்று வருடம் வாசித்த பிறகு

எங்கள் பஜனைக் குழு வெள்ளிக்கிழமைதோறும் ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் கூடும். முன்னால் பாடும் அக்காவுக்கு 4 கட்டை சுருதி. ஹார்மோனியம், சுருதிப்பெட்டி எல்லாம் அதற்கே. நான் புல்லாங்குழல். பினாங்கு வெயிலிலிருந்து ஏர்கோன் அறைக்கும், அங்கிருந்து மறுபடி வெயிலுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்ததில், ஆறு வருடம் வாசித்த என் மூங்கில் குழல் வாய்த்துளைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. நூல் கட்டிப் பார்த்தேன், மெழுகு வைத்துப் பார்த்தேன். காற்று ஒழுகியது ஒழுகியதுதான். யாராவது தமிழ்நாடு போய் நல்ல குழல் வாங்கி வரும்வரை சும்மா உட்கார மனமில்லாமல்தான் டின் விசில் பக்கம் போனேன். அது ஆறு துளையுள்ள, நேராகப் பிடித்து ஊதும் சிறிய உலோகக் குழல்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது, மேற்கத்திய சுர எழுத்தான டி-யில் அமைந்த டி விசில். அயர்லாந்து நாட்டார் இசையில் பெரும்பாலான பாட்டுகள் டி, ஜி இரண்டையும் ஒட்டியே இருப்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எனக்கோ 4 கட்டை வேண்டும். 4 கட்டை என்றால் மேற்கத்திய இசையில் எஃப். சரி, எஃப் என்று எழுதியிருக்கும் விசிலை வாங்கினால் முடிந்தது என்று நினைத்து வரவழைத்தேன்.

தப்பு அங்கேதான். நம் குழலில் கட்டை என்பது ஸ எங்கே விழுகிறது என்பதைச் சொல்லும். முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸ. டின் விசிலில் எழுதியிருக்கும் எழுத்து, ஆறு துளையையும் மூடினால் வரும் சுரத்தைச் சொல்லும். நம் விரல் பழக்கத்தில் அது ஸ இல்லை, ம. எஃப் விசிலை எடுத்து வழக்கம்போல இரண்டு துளை மூடி ஊதினேன். ஸ 1 கட்டையில் போய் நின்றது. அக்கா பாட்டை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, வேற ஊருக்குப் போயிட்டீங்களா?" என்றார்.

ஆறு துளை மூடிய சுரத்தையே ஸ என்று வைத்துக்கொண்டு வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். வாசிக்கலாம், இரண்டு மாதம் வாசித்தேன். ஆனால் ஸ-வுக்குக் கீழே எதுவும் கிடையாது. மந்த்ர நி, த, ப இல்லாமல் ஒரு நாமாவளியைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. பாட்டு கீழே இறங்கும் இடத்திலெல்லாம் நான் மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டியிருந்தது. எஃப் விசில் குட்டையானது, அதன் மேல் ஸ்தாயி காதைக் குத்தும். வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் நடுவில் அதை ஊதுவது மற்றவர்களுக்குச் செய்யும் கொடுமை.

அப்புறம்தான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேண்டிய ஸ-வுக்கு ம எதுவோ, அந்த எழுத்துள்ள விசிலை வாங்க வேண்டும். எஃப்-க்கு ம, பி ஃப்ளாட். ஜெனரேஷன் மாதிரியான பழைய கம்பெனிகள் பி ஃப்ளாட், சி, டி, இ ஃப்ளாட், எஃப், ஜி என்று ஆறு சுருதிகளில் செய்கின்றன. நம் விரல் பழக்கத்தில் அவை வரிசையாக 4, 5, 6, 6½, 1, 2 கட்டை. பெண்கள் அதிகம் பாடும் 5 கட்டைக்கு சி விசில் என்பது இதில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த கண்டுபிடிப்பு. 4½ கட்டைக்கு பி, 5½ கட்டைக்கு சி ஷார்ப் வேண்டும். அவை அந்த வரிசையில் இல்லை, சொல்லிச் செய்யும் ஆட்களிடம்தான் போக வேண்டும்.

மூன்று வருடமாக வாசிப்பது பித்தளைக் குழாயும் பிளாஸ்டிக் வாயும் உள்ள ஒரு பி ஃப்ளாட். கூரியர் செலவோடு நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. டி விசிலைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், துளைகளும் அதற்கேற்பத் தள்ளித் தள்ளி இருக்கும். பள்ளியில் ரெக்கார்டர் வாசித்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் விரல் எட்டாது. நம் குழல் பழகிய கைக்கு இது ஒரு விஷயமே இல்லை. மந்த்ர ம-வில் தொடங்கி தார ம வரை இரண்டு ஸ்தாயி கிடைக்கிறது. பஜனைக்கும் திருப்புகழுக்கும் அதற்கு மேல் நான் ஏங்கியதில்லை.

துளைகளை முழுதாக மூடித் திறந்தாலே ஹரிகாம்போஜி வந்துவிடுவதால் மோகனம் கையில் தானாக ஓடும். சுத்த தன்யாசியில் ஒரே ஒரு வேலை, சாதாரண காந்தாரம், அதாவது தாழ்ந்த க. முதல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் அது வரும். என் விசிலில் கொஞ்சம் ஏறி நிற்பதால் மூச்சைத் தணித்து ஊதுகிறேன். கல்யாணிக்குப் பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த ம, கடைசித் துளையைப் பாதி மூடி எடுக்க வேண்டும், மோதிர விரல் பழக மாதங்கள் ஆயின. மாயாமாளவகௌளைக்கு ரி, த, நி மூன்றுமே பாதித் துளை. மெதுவான பாட்டென்றால் சரி, வேகமென்றால் ஹார்மோனியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். மூங்கில் குழலில் உதட்டைத் திருப்பிச் சுரத்தை வளைக்கலாம், மெல்லச் சன்னமாக்கலாம். விசிலில் காற்றுப் பாதை ஒரே மாதிரி பொருத்தப்பட்டது, உதட்டுக்கு அங்கே வேலையில்லை. அழுத்தி ஊதினால் சுருதி ஏறும், இன்னும் அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக்கு எகிறும். அசைவு எல்லாம் விரலிலிருந்துதான் வர வேண்டும். பைரவி, தோடி இரண்டையும் இதில் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த ராகங்களின் மேல் உள்ள மரியாதைதான் காரணம்.

சுருதி சேர்ப்பதுதான் பினாங்கில் பெரிய பாடு. சுற்றியுள்ள வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஊதுகுழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். ஏர்கோன் அறையில் சரியாகச் சேர்ந்த விசில், பத்து டிகிரி கூடுதலான வெளித் திண்ணையில் ஹார்மோனியத்தோடு கடிக்கும். என் விசிலில் வாய்ப் பகுதி குழாயோடு பசை போட்டு ஒட்டியே வந்தது. அதைச் சுடுநீரில் சிறிது நேரம் முக்கி, துணியால் பிடித்துத் திருகிப் பிரித்தேன். கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். இப்போது வெயில் நாளில் 4 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் போதும்.

ஏர்கோனில் இன்னொரு தொல்லை: ஊதும் மூச்சு குளிர்ந்த வாய்ப் பகுதியில் நீராகப் படிந்து குரல் கம்மிவிடும். வாசிக்கும் முன் ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைக்கிறேன். மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்துக் காற்றுப் பாதையில் விட்டு, துடைக்காமல் உலர விடுகிறேன். அதற்குப் பிறகு அடைப்பது வெகுவாகக் குறைந்தது. பித்தளை கறுத்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் இரண்டு வருடம் வாசித்தேன். உறுமி கடந்து போகும்போது கீழ் ஸ்தாயி எனக்கே கேட்காது. மேல் ஸ கேட்கிறது, அக்காவும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார். வெயில், வியர்வை, தெறிக்கும் மோர் எதைப் பற்றியும் கவலைப்படாமல் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க முடிந்தது. மூங்கிலை அங்கே கொண்டுபோக எனக்குத் தைரியம் வந்திருக்காது.

போன மாதம் மாமா ஊரிலிருந்து 4 கட்டை மூங்கில் குழல் வாங்கி வந்தார். வீட்டில் காலைச் சாதகத்துக்கு அதுதான். வெள்ளிக்கிழமை ஜெலுத்தோங்குக்கு இன்னும் பி ஃப்ளாட்டைத்தான் எடுத்துப் போகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கை 5 கட்டையில் பாடுகிறாள், அவளுக்காக ஒரு சி விசிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.