கழுத்து அறுவைக்குப் பிறகு: மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து தென்காசி வீடு வரை

ஆபரேஷனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, அது நன்றாகவே நடந்தது. பல வருடங்களுக்கு முன் நரம்பு நெருக்கத்துக்காக அப்பாவுக்குக் கழுத்தின் பின்பக்க எலும்பு வளைவுகளை எடுத்திருந்தார்கள். அந்தப் பிடிமானம் போனபின் தலை வருடத்துக்கு வருடம் முன்னால் கவிழ்ந்து, கடைசியில் நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்க்க இடுப்பைப் பின்னால் வளைக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, பென்ஷன் தாளில் போட்ட கையெழுத்து வேறு யாரோ போட்ட மாதிரி இருந்தது, நடையும் தள்ளாடியது. தண்டுவடம் நசுங்கினால் இப்படித்தான் தொடங்கும் என்றார் மதுரை டாக்டர். முன்னாலும் பின்னாலும் திறந்து, கழுத்தை நிமிர்த்தி, கம்பியும் திருகும் வைத்து நிறுத்தினார்கள். ஒரு வழியாக அப்பா நேராகப் பார்த்தார்.

நான் இருக்கிற டொரண்டோவில் இப்படி ஓர் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே டிஸ்சார்ஜுக்கு முன்பே ஒருவர் வந்து வீட்டில் எத்தனை படி, குளியலறை எங்கே, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்து ஆள் ஏற்பாடு செய்வார். நம் ஊரில் ஆபரேஷன் சீக்கிரம் நடந்துவிடுகிறது, அதன் பிறகு கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே யாருமே பொறுப்பில்லை. அந்த இடைவெளியில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பயணம். 108 அவசரத்துக்கு மட்டும்தான், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போக வராது, தனியார் ஆம்புலன்ஸ்தான். மதுரையிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி. குற்றால சீசன் நேரம் என்பதால் சுற்றுலா வேன்கள் வரிசைகட்டி நின்றன, ஊருக்கு ஊர் வேகத்தடை வேறு. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தடைக்குத் தடை நிறுத்தி ஏற்றி இறக்குகிறார், எங்களுக்கு வந்தவர் தங்கமான மனிதர். உள்ளே ஆக்சிஜன் வேண்டுமா, கூட நர்ஸ் வேண்டுமா என்பதைப் பொறுத்து வாடகை மாறும், கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

கட்டில் தென்காசியிலேயே வாடகைக்குக் கிடைத்தது, தலைமாட்டைத் தூக்கி இறக்குகிற ஃபௌலர் கட்டில். மாத வாடகையைவிட முன்பணம்தான் அதிகம். காப்பீடு அறைக்கும் கம்பிக்கும் திருகுக்கும் பணம் கொடுத்தது. கட்டிலுக்கும் கழுத்தை அசையாமல் தாங்குகிற காலருக்கும் வாக்கருக்கும் பிசியோவுக்கும் நாங்கள்தான்.

அப்புறம் ஹோம் நர்சிங். ஏஜென்சி பெயர் வேண்டாம். பயிற்சி பெற்ற ஆள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்த பையன் முதல் காரியமாக அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் போனான். கழுத்து ஆபரேஷன் ஆனவரை அப்படித் தூக்கவே கூடாது. தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில், மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒருக்களிக்கச் செய்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்ற வைத்து எழுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்சுகள் செய்யும்போது நான் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன் (கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்), அதைப் போட்டுக் காட்டினேன். பையன் நல்லவன்தான், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பணம் வாங்குகிற ஏஜென்சிக்கு அந்தக் கவலை இல்லை.

சாப்பாடு பெரிய பாடு. முன்கழுத்து வழியாகச் செய்த ஆபரேஷன் என்றால் முதல் சில வாரம் விழுங்குவது பலருக்குச் சிரமமாக இருக்கும், குரலும் கம்மும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், அம்மா தினமும் "தொண்டையில எறங்க மாட்டேங்குன்னு சொல்லுதாவ" என்று கண்ணைக் கசக்குவார். குழைந்த சாதம், கெட்டியான கஞ்சி, மசித்த காய், நிமிர்ந்து உட்கார்ந்து சின்னச் சின்ன வாயாக. படுத்தபடி ஊட்டக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காயத்தில் நீர் வடிவது, கைகாலில் புதிதாகப் பலம் குறைவது, சிறுநீர் வராமல் நிற்பது, இவையும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் தாளில் இதெல்லாம் இருந்தது, ஆங்கிலத்தில். நான் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

இரண்டாவது வாரம் அப்பாவால் வலது தோளைத் தூக்க முடியவில்லை என்றதும் வீடே கலங்கிவிட்டது. மதுரைக்குப் போன் போட்டால், கழுத்து ஐந்தாம் நரம்பு இப்படிச் சிலருக்குச் சோர்ந்துபோகும், பெரும்பாலோருக்கு மாதங்களில் மீளும் என்று சொல்லிவிட்டு, மறுநாளே அழைத்து வரச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் போனை ஒருவர் எடுத்துப் பதில் சொன்னாரே, அதற்காகவே அந்த டாக்டருக்கு நன்றி சொல்வேன்.

உண்மையிலேயே அசந்துபோனது அரசுப் பிசியோவைப் பார்த்து. மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும் என்று மட்டும்தான் தெரியும். பிசியோவும் வீடு தேடி வருவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், டிஸ்சார்ஜ் தாளைக் காட்டினோம், வந்துவிட்டார்கள். காசு கிடையாது. தினமும் வரமாட்டார்கள், அது நிஜம். நடுவில் வருகிற நாட்களுக்குத் தனியார் பிசியோ ஒருவரை வைத்துக்கொண்டோம். ஆனால் காசு வாங்காமல் வந்த அந்தப் பெண்தான் பந்தைப் பிசைய, பொத்தான் போட, சுவரில் விரலால் ஏற என்று பொறுமையாகச் செய்யவைத்தார்.

"தாத்தா, எழுந்து நில்லுங்க பாப்போம்."

"நிக்கேன்மா, என் காலு எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியணும்லா."

அதுதான் விஷயம். கழுத்து நேரானதும் ஊரெல்லாம் தெரிகிறது, சொந்தக் கால் தெரியவில்லை. இணைத்த எலும்பு இனிக் குனியாது. படி இறங்க ஆள் வேண்டும், வேட்டி முடிச்சைக் கைத்தடவலில்தான் போட வேண்டும், தரையில் இலை போட்டுச் சாப்பிடுவது முடியாது. மேசைமேல் ஒரு சின்ன ஸ்டூல் வைத்து அதன்மேல் தட்டு வைத்தோம், சரியாக வந்தது. எலும்பு ஒட்டப் பல மாதம் ஆகும், புகைபிடித்தால் இன்னும் தாமதம் என்று சொல்லி அவருடைய சுருட்டையும் நிறுத்தியாகிவிட்டது. கோபம் எல்லாம் அதில்தான்.

ஊரில் இருந்த நாட்களில் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கும் போய் வந்தேன். தென்காசிப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1975இல் கடற்படைத் தேர்வில் கழுத்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது, 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிற இடம் நம் கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மதுரை ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவரே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறதைப் பார்த்தபிறகு அப்பாவின் தோளைப் பற்றி நான் புலம்புவது குறைந்தது.

வெளிநாட்டிலிருந்து இதற்காக வருகிறவர்கள் ஆபரேஷன் தேதிக்கு டிக்கெட் போடாதீர்கள், டிஸ்சார்ஜ் தேதிக்குப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க ஆள் இருக்கிறது, வீட்டில்தான் இல்லை. காலர் வாங்கும்போது உள்ளே வைக்கும் பஞ்சு இன்னொரு செட் கேட்டு வாங்குங்கள். நம் வெயிலுக்கு ஒரே நாளில் நனைந்துவிடும், ஈரத்தோடு மாட்டினால் நாடிக்கடியில் புண் வந்துவிடும். மாற்றும்போது படுத்த நிலையில், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மாற்ற வேண்டும்.