வீட்டு கொரோனா டெஸ்ட் கிட்: வாங்கலாம், ஆனால் பெயர்களைப் புரிந்துகொண்டு

வயதான அப்பா கூட இருப்பதால், வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆன்டிஜன் (வைரஸின் புரதத்தைத் தேடும்) டெஸ்ட் கிட் எங்கள் மருந்து டப்பாவில் எப்போதும் இருக்கும். இப்போது வைத்திருக்கும் கிட் நன்றாக வேலை செய்கிறது, தயங்காமல் வாங்கலாம். குறை ஒன்றுதான்: ஒரே விஷயத்துக்குப் பெட்டி முழுக்க வேறு வேறு பெயர்கள். ரிசல்ட்டைச் சரியாகப் புரிந்துகொள்வது இந்தப் பெயர்களை நம்பித்தான் இருக்கிறது என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பெட்டியின் முன்பக்கத்தில் 'கோவிட்-19 ஆன்டிஜன்' என்று பெரிதாக இருக்கிறது. பக்கவாட்டில் 'சார்ஸ்-கோவ்-2'. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதுல கொரோனாவுக்குப் பார்க்கிறது எதும்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாம் வாயால் சொல்லும் பெயர் அந்த அட்டையில் எங்கேயும் இல்லை.

கோவிட்-19 என்பது நோயின் பெயர். சார்ஸ்-கோவ்-2 அந்த நோயைத் தரும் வைரஸின் பெயர். எய்ட்ஸ் நோய், எச்.ஐ.வி. வைரஸ் என்று பிரித்துச் சொல்கிறோமே, அதே கணக்கு. இரண்டு பெயர்களும் 2020 பிப்ரவரி 11 அன்று அறிவிக்கப்பட்டவை. நோய்க்குப் பெயர் வைத்தது உலக சுகாதார நிறுவனம், வைரஸுக்கு வைத்தது வைரஸ்களை வகைப்படுத்தும் சர்வதேசக் குழு. 'கோ' கொரோனா, 'வி' வைரஸ், 'டி' டிசீஸ், 19 என்பது நோய் தெரியவந்த 2019. ஊர், விலங்கு, மக்கள் கூட்டம் எதையும் நோயின் பெயரில் சேர்க்க வேண்டாம் என்று 2015-லேயே அந்த நிறுவனம் வழிமுறை சொல்லியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. 1918-இல் வந்த ஃப்ளூவைப் பற்றிப் போர்க்காலத் தணிக்கை இல்லாத ஸ்பெயின் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின. அதற்காகவே 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று அந்த நாட்டின் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, பெயரில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். வேறு எந்தக் கிருமி இருந்தாலும் இந்தச் சோதனை ஏமாறாது என்று காட்ட ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதில் 'ஹியூமன் கொரோனா வைரஸ் 229ஈ', 'ஓசி43', 'என்எல்63' என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே 'நெகட்டிவ்' என்று இருக்கிறது. கொரோனா என்ற ஒரே பெயரை அறிந்தவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? இந்த கிட் கொரோனாவையே கண்டுபிடிக்காது போலிருக்கிறது என்றுதான். உண்மையில் கொரோனா என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பம். மைக்ராஸ்கோப்பில் சூரியனின் ஒளிவட்டம் போலத் தெரிந்ததால் 1968-லேயே வைத்த பெயர். அட்டவணையில் உள்ளவை பெரும்பாலும் சாதாரண சளியைத் தரும் உறவுக்காரர்கள். அவற்றை விட்டுவிட்டு சார்ஸ்-கோவ்-2 ஒன்றை மட்டும் பிடிப்பதுதான் இந்த கிட்டின் திறமை. அந்தத் திறமையைக் குறை போலத் தோன்றும்படி அச்சடித்திருக்கிறார்கள். அட்டவணைக்கு மேலே ஒரே ஒரு வரி விளக்கம் போட்டிருந்தால் போதும்.

சோதனை எளிது. பஞ்சுக் குச்சியை இரண்டு மூக்குத் துவாரத்திலும் சுழற்றி, குழாயில் உள்ள திரவத்தில் முக்கிப் பிழிந்து, கேசட் எனும் சிறு பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். அதில் சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் சி கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது. சி கோட்டுடன், வைரஸ் இருப்பதைக் காட்டும் டி கோடு எவ்வளவு மங்கலாக வந்தாலும் பாசிட்டிவ். சொன்ன நேரம் தாண்டிப் பார்க்கும் கோட்டை நம்பக்கூடாது. அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் வைரஸ் குறைவாக இருக்கும் ஆரம்பத்தில் ஆன்டிஜன் டெஸ்ட் தவறவிடும்.

இதை வாங்கச் சொன்னால் நான் அடிக்கடி கேட்கும் பதில், "கொரோனாதான் முடிஞ்சுபோச்சே!" நம் பேச்சில் கொரோனா என்பது நோயாக மட்டும் இல்லாமல் ஒரு காலத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. 'கொரோனாவுக்கு முன்னாடி', 'கொரோனா டைம்ல', 'அவன் கொரோனா பேட்ச்' என்கிறோம். அந்தக் காலம் முடிந்தது உண்மைதான். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. ஆனால் அதே அறிவிப்பில், நோய் ஒழிந்துவிட்டதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்கள். பெரியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இன்றைக்கும் அது சாதாரண சளி இல்லை. பாசிட்டிவ் என்று சீக்கிரம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி, மருந்து தேவையா என்று முதல் சில நாட்களுக்குள் முடிவு செய்யலாம். இந்த கிட்டை நான் மதிப்பது அதற்காகத்தான்.

தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது, முன்பக்கத்தில் 'கொரோனா' என்ற சொல்லையும் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும். அப்புறம், அந்தத் தாளின் எழுத்து அளவைக் கூட்ட வேண்டும். அப்பா வயதில் ஒருவர் தனியாக இருந்து செய்தால் பாதியில் விட்டுவிடுவார்.

ஃப்ளூவையும் சேர்த்துப் பார்க்கும் கிட் கிடைத்தால் அதையே எடுங்கள், காய்ச்சலை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. காலாவதி தேதியைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.